ஒன்பதாவது ஆள்

அஞ்சு பேரைப் பிரசிடெண்டு ஒன்பது பேர் ஆக்கப் போகிறார் என்கிற பேச்சு முதலில் வந்து சேர்ந்தது மக்காச்சோளக் கொல்லைக்குத்தான். டீக்கடைக்கு மறுநாள்தான் போனது. களை வெட்டுகிற பொம்பளைகளுக்குத் தெரியாமல் அந்த ஊரில் எந்தச் சேதியும் ஆம்பளைகளிடம் போனதாகச் சரித்திரமே கிடையாது.

அஞ்சு பேர் என்றால் யார் என்று வெளியூர்க்காரருக்குச் சொல்லியாக வேண்டும். கீழப்பழுவூருக்குக் கிழக்கே இருக்கிற அந்த ஊரின் ஏரிக்கு ஐந்து மதகு. மதகுக்கு ஒருத்தராக அந்தந்தப் பாசனக்காரர்கள் ஒரு ஆளைப் பிடித்து உட்கார வைப்பார்கள். தண்ணீர், வாய்க்கால், வரப்பு என்று எந்தத் தகராறு வந்தாலும் இந்த அஞ்சு பேர் ஏரிக்கரையில் பாய் விரித்து உட்கார்ந்து சொல்வதுதான் கடைசி வார்த்தை. அதற்கு மேல் யாரிடமும் போக முடியாது. தோற்றவன் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் கத்துவான், சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவான், ஆனால் வாய்க்காலில் மட்டும் கை வைக்க மாட்டான்.

ஆவணி மாதம் அதே அஞ்சு பேர் முன்னால் கொளஞ்சி ஒரு வழக்கை ஜெயித்திருந்தாள். நாலாம் மதகிலிருந்து கடைமடைக்குப் போகிற வாய்க்காலைப் பிரசிடெண்டு பாலாஜியின் மச்சான் கிராவல் கொட்டி மூடி, அதன்மேல் டிப்பர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். குவாரியிலிருந்து மெயின் ரோட்டுக்கு அதுதான் குறுக்கு வழி. கடைமடையில் நிலம் வைத்திருந்த மற்றவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு மக்காச்சோளத்துக்கு மாறிவிட்டார்கள். ஒரு ஏக்கர் பத்து சென்ட் வைத்திருந்த கொளஞ்சி மட்டும் கரைமேல் ஏறி நின்று வழக்காடினாள். மூன்று பேர் அவள் பக்கம், இரண்டு பேர் எதிர்ப்பக்கம். ஐப்பசி பிறப்பதற்குள் கிராவலை வாரி வாய்க்காலைத் திறந்துவிட வேண்டும் என்று தீர்ப்பானது. அதை நம்பி அவள் நாற்று விட்டாள். நாற்று விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்து பச்சென்று நின்றது. ஐப்பசியும் பிறந்துவிட்டது. டிப்பர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"ஒன்பது பேராமுல்ல!" என்று மூன்றாம் நாளும் அதே பேச்சை எடுத்தாள் சின்னப்பிள்ளை, குனிந்த தலையை நிமிர்த்தாமலே. வயது அறுபதைத் தொட்டும் களை வெட்டுவதில் எல்லாருக்கும் முன்னால் போகிறவள் அவள்தான். "அஞ்சு பேரு உக்காந்தாலே ஒரு பொழுது போயிருது. இனிமே ஒன்பது பேரும் தொண்டையச் செருமி முடிக்கவே மத்தியானமாயிரும்."

"நீங்க சிரிங்க பெரிம்மா," என்றாள் சுகன்யா. பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறவள். வீட்டில் சும்மா இருந்தால் கேள்வி கேட்டே கொல்கிறார்கள் என்று களைக்கு வந்துவிடுவாள். "பொம்பளைங்களுக்கு ரெண்டு எடமாம், காலனிக்கு ஒண்ணாம், படிச்சவங்களுக்கு ஒண்ணாம். இத்தன வருசத்துல ஒரு பொம்பள அந்தப் பாயில உக்காந்துருக்காளா? நடுறது நாம, களை எடுக்குறது நாம, அறுக்குறதும் நாம. தண்ணி யாருக்குன்னு சொல்றது மட்டும் அவங்களா?"

கொளஞ்சி களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். மழை வருகிற மாதிரி மூடிக்கொண்டு, வராமல் புழுக்கிக்கொண்டிருந்தது வானம். சோளத் தாளின் சுணை வேர்வையோடு சேர்ந்து கழுத்தெல்லாம் அரித்தது.

"நீ சொல்றது அத்தனையும் நியாயந்தான் சுகன்யா. நான் இல்லேங்கல. ஆனா இந்த நியாயம் பிரசிடெண்டுக்கு ஆவணிக்கு முன்னாடி ஏன் தோணல?"

"எப்பத் தோணுனா என்னக்கா? நல்லது நடந்தா சரிதானே."

"எனக்கு மூணு பேரு சொன்னாங்க. அவனுக்கு ரெண்டு பேரு. இப்ப நாலு பேரைச் சேக்குறான். அந்த நாலையும் பொறுக்கி எடுக்குறது அவன். நீ படிச்சவ, நீயே கணக்குப் போட்டுப் பாரு."

"மேலத்தெருவுல சரிங்கறாங்க," என்றாள் சின்னப்பிள்ளை. "கீழத்தெருவுல தப்புங்கறாங்க. தப்புன்னா ஞாயித்துக்கிழம கூட்டத்துல கையத் தூக்காம இருப்பீங்களாடான்னா, அது எப்புடி, ரேஷன் கார்டுக்குப் பிரசிடெண்டு கையெழுத்து வேணுமேங்கறாங்க. எங்க வூட்டு ஆம்பள என்ன சொல்லுது தெரியுமா? ஒன்பதுங்கறது ராசியான நம்பராம். இந்தச் சனத்தை வெச்சிக்கிட்டு நீ வழக்காடப் போன பாரு, ஒன்னையச் சொல்லணும்."

எல்லாரும் சிரித்தார்கள். கொளஞ்சிக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சலில் சோளப் பயிர் ஒன்றையே கொத்திவிட்டாள்.

மூன்று மணிக்குக் கரையேறி வீட்டுக்கு வந்தபோது, வாசலிலேயே முத்துவேல் நின்றுகொண்டிருந்தான். அவள் புருஷன். சிமெண்ட் ஃபேக்டரியில் காண்ட்ராக்ட்டில் மூட்டை ஏற்றுகிற வேலை. அன்றைக்கு இரவு ஷிஃப்ட். வழக்கமாக அந்த நேரத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிற மனுசன், தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய நின்றான்.

"கைகாலக் கழுவிட்டு உள்ள வா. ஒண்ணு காட்டுறேன்."

உள்ளே சாமி படத்துக்குக் கீழே ஒரு பித்தளைத் தட்டு இருந்தது. அதில் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சந்தனக் கிண்ணம், ஒரு சீப்பு பூவன் பழம்.

"என்னங்க இது?"

"பிரசிடெண்டே வந்து குடுத்துட்டுப் போனாரு. நாலு பேரோட, செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்து. ஒன்பது பேருல நீ ஒருத்தி! இந்த ஊர்லயே மொத மொத பாயில உக்காரப் போற பொம்பள எம் பொண்டாட்டி. எங்கப்பன் ஆயுசுக்கும் அந்தக் கரையில நின்னுக்கிட்டேதான் பேசுனான் கொளஞ்சி. நீ உக்காந்து பேசப் போற."

 அவன் கண்ணில் தண்ணீர் கூடத் துளிர்த்துவிட்டது.  கொளஞ்சி குனிந்து தட்டிலிருந்த வெற்றிலையைப் புரட்டிப் பார்த்தாள்.

"வெத்தலைய எடுத்தீங்களா?"

"எடுக்காமப் பின்ன? வாசலுக்கு வந்த மருவாதிய வேணாங்கவா சொல்லுவாங்க?"

அந்த ஊரில் தாம்பூலத் தட்டு என்றால் விளையாட்டில்லை. அஞ்சு பேரில் ஒருத்தராக உட்காரச் சொல்லித் தட்டு வந்து, வீட்டு ஆள் யாராவது அதிலிருந்து ஒரு வெற்றிலையைக் கிள்ளிவிட்டால் முடிந்தது. சம்மதம் என்று அர்த்தம். தட்டைத் திருப்பினால், பாயில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தரும் அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு வாசல் மிதிக்க மாட்டார்கள். அதெல்லாம் கொளஞ்சிக்கும் தெரியும். அதைவிடப் பெரிய ஒன்றை அவள் புருஷன் மறந்துபோயிருந்தான்.

"பாயில உக்காந்தவங்க வூட்டு வழக்கு பாய்க்கு வராது. அது தெரியுமா தெரியாதா ஒங்களுக்கு?"

முத்துவேல் தட்டைக் கையால் ஓரமாக நகர்த்தினான்.

"பொண்டாட்டி உக்காந்தா புருசன் வழக்காட முடியாது, புள்ள வழக்காட முடியாது. நான் உக்காந்த அன்னைக்கே நம்ம வாய்க்கா வழக்கு செத்துச்சு. அதுக்குத்தாங்க செருப்பக் கழட்டிட்டு வந்துருக்கான் அவன்!"

"அது... நான் அத நெனக்கலயே கொளஞ்சி."

"நெனக்கலயா! ராத்திரியும் பகலும் இந்த வூட்டுல வேற என்னத்தப் பேசிக்கிட்டிருக்கோம்? நாத்தங்கால்ல பக்கத்துக் கொல்ல போருலேருந்து குடம் குடமா ஊத்தித்தான காப்பாத்துறேன்? ஒரு ஏக்கருக்கும் குடத்துலயே ஊத்த முடியுமா?"

அவள் அடித்தொண்டையில் கத்தியது பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்டிருக்கும். முத்துவேல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். சந்தோஷமாக இருந்த மனுசனை இப்படிக் குலைத்துப் போட்டோமே என்று அவளுக்கு அழுகை வந்தது, அந்த அழுகைமேலேயே கோபமும் வந்தது. காலையில் கிண்டிய கேழ்வரகுக் களியைக் கருவாட்டுக் குழம்பில் தொட்டு இருவரும் தின்றார்கள். பூவன் பழத்தை யாரும் தொடவில்லை.

"தட்டைத் திருப்புனா நாளைக்கு நம்ம புள்ள கல்யாணத்துக்கு ஊர்ல ஒரு பெரிய மனுசன் வரமாட்டான்," என்றான் அவன் கடைசியில்.

"வராட்டிப் போறான். சோறு மிச்சம்," என்றாள் கொளஞ்சி.

மறுநாள் காலையில் அய்யம்பெருமாள் வீட்டுக்குப் போனாள். அவர் மூணாம் மதகுக்காரர், அஞ்சு பேரில் மூத்தவர். ஆவணியில் அவளுக்கு எதிராகச் சொன்ன இரண்டு பேரில் ஒருத்தர். எதிராகச் சொன்னவரிடமே போய்க் கேட்பதுதான் சரி என்று அவளுக்குப் பட்டது. அவர் மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தார்.

"நீ சொல்றது சரிதான்மா," என்றார். "உக்காந்தவன் வழக்காட முடியாது. அத மாத்துனா பாய்க்கே அர்த்தமில்ல."

"நீங்க எனக்கு எதிராத்தான் சொன்னீங்க மாமா. அதுல எனக்கு வருத்தமில்ல. ஆனா மூணு பேரு சொன்னது சொன்னதுதானே?"

"அதுல என்னா சந்தேகம்? டிப்பர் ஓடுனா நாலு பயலுவளுக்குப் பொழப்புன்னு நான் நெனச்சேன். சொன்னேன். தோத்துட்டேன். தோத்தா வுட்டுரணும். தோத்துட்டோம்னு இன்னும் நாலு பாயக் கொண்டாந்து போடுறது என்னா வழக்கம்?" வாளியை ஓங்கி வைத்தார். தவிடு சிதறியது.

"இத ஞாயித்துக்கிழம கரையில சொல்லுங்க மாமா."

அவர் சிதறின தவிட்டைக் கையால் கூட்டி வாளியில் போட்டார்.

"நான் சொன்னா என்ன பேசுவாங்கன்னு ஒனக்குத் தெரியாதா? கெழவன் எடத்தை வுட மாட்டேங்கறான், பொம்பள வர்றது புடிக்கல, காலனிக்காரன் வர்றது புடிக்கலம்பாங்க. நல்ல காரியத்தைத் தூக்கி முன்னாடி புடிச்சிக்கிட்டு வர்றாம்மா அவன். எங்குட்டு அடிச்சாலும் அதுமேலதான் படுது."

 நாலு நாளாகக் கொளஞ்சியையும் அதுதான் போட்டு வாட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு ஏரிக்கரையில் ஊர் கூடியது. கூட்டத்துக்குப் பெண்களும் வரலாம் என்று தண்டோராவே போட்டிருந்தார்கள். சின்னப்பிள்ளை பட்டுப்புடவையில் வந்திருந்தாள். ஏரி முக்காலுக்கு நிரம்பிக் கிடந்தது. அவ்வளவு தண்ணீரையும் பார்க்கப் பார்க்கக் கொளஞ்சிக்கு ஆத்திரம் பொங்கியது. தண்ணீர் இல்லாமல் பயிர் காய்ந்தால் வானத்தைத் திட்டலாம், இதற்கு யாரைத் திட்டுவது?

பாலாஜிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. கை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. தன்னைவிட மூத்தவர் யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டான்.

"எங்க தாத்தா காலத்துல இந்த ஊர்ல நூத்திப்பத்து வூடு. அஞ்சு பேரு போதும். இன்னைக்கு நானூத்தி முப்பது வூடுங்க. அஞ்சு பேரே எல்லாத்தையும் பாக்கணும்னா அவங்களுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். காலனியில இருக்குறவங்களும் இதே ஏரித் தண்ணிதான் பாய்ச்சுறாங்க. பொம்பளைங்க இல்லாம வெவசாயமே இல்ல. நான் புதுசா ஒண்ணும் கேக்கல. எல்லாரும் ஒக்காரணும்ங்கறேன். தப்பாங்க?"

தப்பில்லை என்று நாலைந்து குரல் வந்தது. சரியென்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னான். காலனிப் பக்கத்திலிருந்து கைகள் சட்டென்று எழுந்தன. அவர்களைக் குறை சொல்லக் கொளஞ்சிக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷம் ஓரத்தில் நிறுத்தப்பட்டவர்கள் இன்றைக்குக் கை தூக்காமல் என்றைக்குத் தூக்குவார்கள்? மற்றவர்கள் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள், பக்கத்து ஆள் அவனுக்குப் பக்கத்து ஆளைப் பார்த்தான். அப்புறம் வரிசையாகத் தூக்கினார்கள். முத்துவேல் இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். அய்யம்பெருமாள் பாயில் உட்கார்ந்தபடி கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

பேர் வாசித்தார்கள். காலனிக்கு அஜித்குமார், பிரசிடெண்டின் மச்சானுடைய டிப்பரை ஓட்டுகிறவன். படித்தவர்களுக்குப் பிரசிடெண்டின் சித்தப்பா மகன் பிரசாத். பெண்களுக்குப் பிரசிடெண்டின் சொந்தச் சித்தி. ஒன்பதாவதாகக் கொளஞ்சி. அவள் பேர் வந்ததும் பெண்கள் பக்கம் கைதட்டல் அள்ளிக்கொண்டு போனது. சின்னப்பிள்ளை குலவையே போட்டுவிட்டாள்.

"வாங்கக்கா, வந்து ஒக்காருங்க," என்றான் பாலாஜி, இரண்டு கையையும் கூப்பி.

கொளஞ்சி கொண்டுவந்திருந்த கூடைக்குள்ளிருந்து அந்தப் பித்தளைத் தட்டை எடுத்தாள். வாடிப்போன வெற்றிலையோடும் கறுத்துப்போன பழத்தோடும் அதைக் கொண்டுபோய்ப் பாய் நடுவில் வைத்தாள். 

"எனக்கு வேணாம் தம்பி. நான் வழக்காட வந்தவ. எனக்கு எங்க வாய்க்காதான் வேணும்."

 முதலில் சத்தம் போட்டது சின்னப்பிள்ளைதான்.

"அடிப் பாவி! மொத மொத ஒரு பொம்பளைக்கி எடம் கெடச்சா, அத இப்புடித் தூக்கி எறியிறியேடி! இனிமே எவன் நம்மளக் கூப்புடுவான்?"

"நான் உக்காந்தா எம் வழக்கு போயிரும் சின்னாத்தா. நானே எம் வாயில மண்ணப் போட்டுக்கவா?"

"ஒன் ஒரு ஏக்கருக்காவ ஊருப் பொம்பளைங்க எல்லாரும் நின்னுக்கிட்டே இருக்கணுமா?"

யார் கேட்டது என்று கூடக் கொளஞ்சிக்குத் தெரியவில்லை. பெண்கள் பக்கம் முழுக்க அவளை அறுத்துப் போடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது. இதற்குப் பதிலாக டிப்பர்க்காரன் நாலு அடி அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பாலாஜி கோபப்படவில்லை. கோபப்படுகிறவனாக இருந்தால் சமாளித்துவிடலாம். "வெத்தல எடுத்திருந்தாலும் அவங்க இஷ்டம்ங்க. நாம கட்டாயப்படுத்தக் கூடாது," என்றவன், பெண்கள் பக்கம் பார்வையை ஓட்டினான். "சுகன்யா, நீ வாம்மா. படிச்ச புள்ள. ஒனக்கும் விருப்பமில்லையா?"

சுகன்யா கொளஞ்சியைத்தான் பார்த்தாள். கொளஞ்சிக்குச் சட்டென்று நெஞ்சில் ஒரு வெளிச்சம். இந்தப் பெண் யாருக்கும் அடங்கினவள் இல்லை. "போ, போய் உக்காரு," என்றாள். சுகன்யா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்ப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மறுபடியும் கைதட்டல்.

உட்கார்ந்த கையோடு வாய்க்கால் வழக்கை எடுத்தார்கள். புது ஆட்கள் வந்திருப்பதால் பழையதை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றான் பாலாஜி. ஒவ்வொருத்தராகச் சொன்னார்கள். பழைய மூன்று பேரும் சொன்ன சொல் மாறாமல் வாய்க்காலைத் திறக்கச் சொன்னார்கள். அந்த மட்டுக்கும் நல்ல மனுசர்கள். இரண்டாம் மதகுக்காரர் வேண்டாம் என்றார். டிப்பர் டிரைவர், சித்தி, பிரசாத் மூவரும் வேண்டாம் என்றார்கள். அய்யம்பெருமாள் முறை வந்தது.

"நான் ஆவணியில வேணாம்னேன்," என்றார். "இன்னைக்குத் தொறங்கறேன். வாய்க்காவுக்காவச் சொல்லல. ஒருக்கா முடிஞ்சதை முடிஞ்சதா வுடாததுக்காவச் சொல்றேன்."

நாலுக்கு நாலு. கரையே சுகன்யாவைப் பார்த்தது. கொளஞ்சி முத்துவேலின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

சுகன்யாவின் முகம் வெளிறியிருந்தது. எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பேசுகிற மாதிரி நிதானமாகப் பேசினாள். "நான் இன்னைக்குத்தான் இங்க வந்துருக்கேன். தெரிஞ்சவங்கன்னு ஒரு பக்கம் சாஞ்சிட்டேன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாது. எடத்தை நேர்ல பாக்கணும். பழைய வரைபடம் பாக்கணும். ரெண்டு பக்கமும் கேக்கணும். அதனால எனக்கு ஒரு மாசம் டயம் குடுங்க. அப்பறம் சொல்றேன்."

"படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்யா!" என்றது ஒரு குரல். "இதுக்குத்தான்யா இவங்கள்லாம் வரணுங்கறது." தலைகள் ஆடின. எல்லாரையும்விட உரக்கக் கை தட்டினவன் பாலாஜி.

"ஒரு மாசமா!" கொளஞ்சி அலறியே விட்டாள். "நாத்துக்கு இன்னைக்கு இருவத்தாறு நாளு. இன்னும் அஞ்சாறு நாள்ல நடலேன்னா முத்திப் போயிரும். மூணு பேரு சொன்னப்ப முடிஞ்ச வழக்கு, இப்ப நாலு பேரு சொல்லியும் முடியலங்கறீங்களே, இது எந்த ஊரு நியாயம்? நாளைக்கு எனக்கு அஞ்சு பேரு சொன்னா பதினெட்டு பேராக்குவீங்களா?"

"பொறுமையா இருங்கக்கா, நியாயமா நடக்கும்," என்றான் பாலாஜி. "அதுவரைக்கும் கிராவல் இருக்குற மாதிரியே இருக்கட்டும்."

ஊர் கலைந்து போனது. போகிற வழியில் ரெண்டு பேர் அவள் காதருகே வந்து, நீ சொன்னதுதான் கரெக்ட்டு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களைச் செருப்பாலேயே அடிக்கலாமா என்று இருந்தது கொளஞ்சிக்கு.

அடுத்த வாரம் அடைமழை பிடித்தது. ஏரி நிரம்பிக் கலிங்கு வழியாகத் தண்ணீர் வீணாக ஓடியது. அவள் வயலில் மழைத் தண்ணீர் ரெண்டு நாள் நின்றது, மூன்றாம் நாள் கிராவல் மேட்டோரம் உள்ள பள்ளத்தில் வடிந்துபோனது. அந்தத் தண்ணீரை நம்பி நடுகிறவன் பைத்தியக்காரன். முத்துவேல் லீவு போட்டுவிட்டு மண்வெட்டியோடு நாலாம் மதகிலிருந்து தண்ணீரைத் திருப்ப எங்காவது சந்து கிடைக்குமா என்று மழையில் நனைந்துகொண்டே நடந்தான். கிடைக்கவில்லை. தட்டைத் திருப்பின வீட்டுக்காரன் என்று டீக்கடையில் அவன் வந்ததும் பேச்சை மாற்றினார்கள். 

மழை விட்ட மறுநாள், கரையில் கூட்டம் நடந்து பதினைந்து நாள் கழித்து, சுகன்யா கடைமடைக்கு வந்தாள். கையில் ஒரு நீள நோட்டு, அளக்கிற டேப், பேனா. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். இதற்குள் மூணு தடவை தாலுகா ஆபீசுக்குப் போய் வரைபடத்தை வாங்கிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். டிப்பர்க்காரர்களிடமும் பேசிவிட்டாள். மீதி இருந்தது கொளஞ்சிதான்.

நாற்றங்காலில் மாடு நின்றது. கொளஞ்சி அவிழ்த்துவிட்டிருந்த கறவை மாடு. முழங்கால் உயரத்துக்கு நெடுநெடுவென்று வளர்ந்து நுனி மஞ்சள் கட்டியிருந்த நாற்றை அது நறநறவென்று கடித்து இழுத்துத் தின்றுகொண்டிருந்தது.

"அய்யோ, என்னக்கா! மாட்டை வுட்டுட்டீங்க! இன்னும் பதினஞ்சு நாளு இருக்குல்ல!"

"நாத்து வாய்தா கேக்காது சுகன்யா. நாப்பத்தொரு நாளாச்சு. இத நட்டா வைக்கோலுதான் வரும்."

சுகன்யா வரப்பிலேயே நின்றுவிட்டாள். டேப்பின் நுனியை இழுப்பதும் விடுவதுமாக இருந்தாள்.

"நான் நியாயமாத்தானேக்கா செஞ்சேன்? ஒரு பக்கமும் சாயல. வரைபடத்துல வாய்க்கா தெளிவா இருக்கு. மாசம் முடிஞ்சதும் ஒங்க பக்கந்தான் சொல்லப் போறேன்."

"ஆமா. நியாயமாத்தான் செஞ்ச."

கொளஞ்சியின் குரலில் கோபமே இல்லை. அதைக் கேட்கத்தான் சுகன்யாவால் முடியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாடு ஒரு பாத்தியை மொட்டையாக்கிவிட்டு, வரப்பேறிப் பக்கத்துச் சோளக்கொல்லைப் பக்கம் திரும்பியது.

"அடுத்தவங்க கொல்லையில எறங்கிரப் போவுது," என்றாள் கொளஞ்சி. "நீ அந்தப் பக்கந்தான நிக்கிற, இப்புடி ஓட்டி வுடு. இன்னும் ரெண்டு பாத்தி நாத்து கெடக்கு."

சுகன்யா நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். கை இரண்டையும் விரித்து, ஹை ஹை என்று குரல் கொடுத்து, மாட்டை நாற்றுக்குள் ஓட்டிவிட்டாள்.